கோடையில் வாசல் பூனைச் சோற்றில் ஈ மொய்த்தால்: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வாசல் ஓரத்திலோ கொல்லைப்புறத்திலோ தெருப் பூனைகளுக்குத் தினமும் சோறு வைக்கும் வீடுகள் ஏராளம். மார்கழி, தை மாதங்களில் தட்டு அரை நாள் கிடந்தாலும் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. சித்திரை பிறந்து வெயில் ஏறியதும் அதே தட்டில், அதே இடத்தில், அதே சோற்றின்மேல் கறுப்பாக ஈ மொய்க்கிறது. மருந்து டப்பாவைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களைக் கவனித்தாக வேண்டும்: எந்த வகை ஈ வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது, அது உட்காருவது சோற்றின்மேலா, தரையின்மேலா, பூனையின்மேலா. தொல்லை ஒன்றுபோலத் தோன்றினாலும் இவற்றுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்துக் காரணம் மாறும்; காரணத்துக்கேற்பச் செய்ய வேண்டியதும் மாறும். தட்டில் தெரியும் ஈ பெரும்பாலும் வேறெங்கோ பிறந்து வந்தது என்பதை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வீண்வேலை குறையும்.

ஈயை அடையாளம் காணுதல்

சாம்பல் நிற உடலும் முதுகில் நீளவாக்கில் நான்கு கறுப்புக் கோடுகளும் கொண்டது வீட்டு ஈ. இது குப்பை, சாணம், அழுகிய காய்கறி ஆகியவற்றில் பிறக்கிறது. பச்சையாகவோ நீலமாகவோ பளபளத்து, இரைச்சலோடு பறப்பது மீனையும் இறைச்சியையும் செத்த எலியையும் தேடி வரும் இனம். வீட்டு ஈயைவிடப் பெரியதாய், முதுகில் மூன்று கோடுகளும் வயிற்றில் கட்டம் கட்டமான திட்டுகளும் உள்ளது சதை ஈ. இந்த ஈ முட்டையிடுவதற்குப் பதிலாக நேரடியாகப் புழுவையே ஈனும். இவை தவிர, சிவந்த கண்களோடு எள்ளளவில் சுற்றும் பழ ஈயும் உண்டு. பண்ருட்டிப் பலா வண்டி வண்டியாக வந்து இறங்கும் மாதங்களில் இதற்குக் குறைவே இராது. ஆனால் இது பூனைச் சோற்றை நாடி வருவதில்லை, பக்கத்தில் திறந்து கிடக்கும் பலாச்சக்கையையும் மாம்பழத் தோலையும் நாடி வருகிறது. குப்பைக் கூடையை மூடினால் போதும். இதற்காகப் பூனைத் தட்டில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

அறிகுறி: தட்டை வைத்த மறு நிமிடமே ஈ மொய்க்கிறது

சோறு கெடுவதற்கு நேரமே இல்லாதபோது ஈ வருகிறதென்றால், அது ஏற்கெனவே அந்த இடத்தில் குடியிருக்கிறது என்று பொருள். இதை உறுதி செய்ய ஓர் எளிய சோதனை இருக்கிறது. நன்றாகத் துலக்கிய வெறுந்தட்டை வழக்கமான இடத்தில் வையுங்கள். ஏறத்தாழ 10 அடி தள்ளி, இதுவரை சோறே வைக்காத ஓரிடத்தில், சோற்றுத் தட்டை வையுங்கள். கால் மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். வெறுந்தட்டைச் சுற்றியும் ஈ உட்கார்ந்தால் குற்றம் தரையில் இருக்கிறது. சோற்றுத் தட்டை மட்டுமே நாடினால் இந்தப் பகுதியைக் கடந்து அடுத்ததற்குப் போகலாம்.

பூனை மீன் துண்டைத் தட்டிலிருந்து வெளியே இழுத்துப் போட்டுத் தின்னும் பழக்கமுடையது என்பதால், தட்டைவிட இரண்டு மூன்று மடங்கு அகலத்துக்குத் தரையில் எண்ணெய் படிகிறது. சிமென்ட் தரையில் அந்த எண்ணெய் ஊறி உள்ளே இறங்கிவிடும்; மேலாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் நம் மூக்குக்கு வாடை போய்விட்டதாகத் தெரியுமே தவிர, ஈக்குப் போகாது. பாத்திரம் துலக்கும் சோப்பையும் கொதிநீரையும் ஊற்றி, தென்னந்துடைப்பத்தின் அடிக்கட்டையால் அழுத்தித் தேய்த்து, சோப்பு மிச்சமில்லாமல் அலசி, வெயிலில் நன்றாகக் காயவிட வேண்டும். மண் தரையாக இருந்தால் மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி அப்புறப்படுத்திப் புது மணல் போடுவது நல்லது. அதன்பின் தட்டுக்கு அடியில் பளபளப்பான ஒரு டைல்ஸ் துண்டையோ பழைய எவர்சில்வர் தாம்பாளத்தையோ வைத்து, அதைத் தினமும் தட்டோடு சேர்த்துக் கழுவினால் தரை மறுபடி கெடாது. தட்டும் எவர்சில்வராகவோ பீங்கானாகவோ இருக்கட்டும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் பூனையின் பல்லும் நம்முடைய நாரும் போட்ட கீறல்களுக்குள் கொழுப்பு தங்கிவிடுவதால், எவ்வளவு கழுவினாலும் வாடை மிஞ்சும்.

தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவும் வழக்கத்தை இந்த ஓர் இடத்தில் மட்டுமாவது கைவிட வேண்டும். பீனால் வகைச் சேர்மங்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. ஈரத் தரையில் நடந்த பாதத்தை அது நக்கும்போது மருந்து நேராக வயிற்றுக்குப் போகிறது. சுண்ணாம்புத் தூளும் பிளீச்சிங் பவுடரும், பூனை பாதத்தை நக்கும் என்பதால், அந்த இடத்துக்கு ஆகாதவை.

அறிகுறி: முதலில் ஈ இல்லை, அரை மணி நேரம் கழித்துத் திரள்கிறது

கோடைத் தொல்லையில் பெரும்பங்கு இந்த வகையைச் சேர்ந்தது. தட்டும் தரையும் சுத்தமாக இருக்கின்றன, சோறும் புதிதுதான், ஆனால் பூனை பாதி தின்றுவிட்டு நிழல் தேடிப் போய்விடுகிறது. மீதி வெயிலில் வேகிறது. ஈரத் தீனியில் நான்கில் மூன்று பங்குக்குமேல் தண்ணீர் இருக்கிறது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் அத்தகைய உணவை ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே விடக்கூடாது. கத்திரி வெயிலில் நம் கடற்கரையோர ஊர்களில் காலை 9 மணிக்கே அந்த அளவு வந்துவிடுகிறது என்பதால், பகலில் வைத்துவிட்டுப் போகும் தட்டு எதுவானாலும் ஈக்கு வைத்த தட்டுதான்.

இதற்கான தீர்வு ஈயின் இயல்பிலேயே இருக்கிறது. ஈ பகலில் இயங்கும் பூச்சி. இருட்டியதும் கொடியிலும் ஒயரிலும் கூரையின் அடிப்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். பூனையோ விடியலிலும் அந்தியிலும் இரை தேடும் பிராணி. மே மாதத்தில் இங்கே சூரியன் ஏறத்தாழ 5.45 மணிக்கு உதித்து 6.30 மணியளவில் மறைகிறது. ஆகவே காலைத் தட்டை 5 மணி முதல் 5.30 மணிக்குள்ளும், மாலைத் தட்டை 7 மணிக்குமேலும் வைத்தால் பூனைக்குப் பசி இருக்கும் வேளையில் ஈக்கு வேலை இருக்காது. மதியச் சோற்றுக்குப் பழகிய பூனையை ஒரே நாளில் மாற்ற முயன்றால் அது பக்கத்து வீட்டுக் குப்பைக்குப் போகும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் தட்டை ஒரே விதமாகத் தட்டி ஒலி எழுப்பினால் மெல்ல மெல்ல அதற்கு நேரம் பிடிபடும். வைத்த தட்டை 20 நிமிடத்தில், அதிகம் போனால் அரை மணியில், மிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுத்துவிட வேண்டும். இந்த ஒழுங்கில் மனம் இளகி, "பாவம், பிறகு வந்து தின்னட்டும்" என்று விட்டுவைப்பவர்கள் வேறு எந்த உபாயத்தாலும் ஈயை விரட்ட முடியாது.

அளவும் கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் உலர் தீனி போதும். அதை இரண்டாகப் பிரித்து வைத்தால் மிச்சமே இருக்காது. உலர் தீனியில் தண்ணீர் 10 விழுக்காடு அளவில்தான் இருப்பதால் ஈயை அது குறைவாகவே ஈர்க்கும். நேரம் தவறி வரும் கூச்சமுள்ள பூனைக்காக இரவு முழுதும் ஏதாவது வைத்தே ஆகவேண்டுமென்றால் இதைத் தவிர வேறெதையும் வைக்க வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்தைத் தீனியிலிருந்து நாலடியாவது தள்ளி வையுங்கள். நனைந்த உலர் தீனி ஈரத் தீனியே.

வீட்டுச் சோறு வைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீனைச் சோற்றோடு குழைத்துப் பிசைந்து வைத்தால், பூனை மீன் துணுக்குகளைப் பொறுக்கிவிட்டு மீன் சாறு ஊறிய சோற்றை அப்படியே விட்டுப் போகும். அது ஊனுண்ணி; சோறு அதற்குத் தேவையே இல்லை. அவித்து முள் நீக்கிய மீனை, உப்பும் மசாலாவும் சேர்க்காமல், தனியாக அளவோடு வைப்பதே எல்லா வகையிலும் மேல். பால் வைக்கும் வழக்கமும் வேண்டாம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு உண்டாகும். அந்தக் கழிவு சோற்றைவிட அதிக ஈயை அழைத்து வரும்.

அறிகுறி: பளபளக்கும் பச்சை ஈ மட்டுமே வருகிறது

மீன் வைத்த நாளில் மட்டும் இந்த ஈ வந்தால் காரணம் தட்டிலேயே இருக்கிறது, மேலே சொன்ன நேர ஒழுங்கே அதற்கும் போதும். உலர் தீனி வைத்த நாளிலும் வந்தால் சுற்றுப்புறத்தில் எங்கோ மீன் கழிவோ செத்த பிராணியோ கிடக்கிறது. மாடிப்படியின் அடியிலும், தண்ணீர்த் தொட்டியின் பின்புறத்திலும், ஓட்டுக் கூரையின் இடுக்கிலும் தேடிப் பாருங்கள். செத்த எலி கிடைத்தால், அது விஷம் தின்று செத்ததாகவும் இருக்கலாம் என்பதால், பூனை வாய்வைக்கும் முன்பே கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு அப்புறப்படுத்துங்கள்.

மீன் வெட்டிய கழிவைக் கொல்லையில் புதைப்பது நம் பக்கத்து வழக்கம். தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போன்ற மணற்பாங்கான இடங்களில் இது பலிப்பதில்லை. இளகிய மணலைத் துளைத்துக்கொண்டு புதிதாய்ப் பிறந்த ஈ மேலே வந்துவிடும், பூனையும் தோண்டி எடுத்துவிடும். கழிவை ஒரு பையில் இறுகக் கட்டிப் பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்திருந்து, குப்பை வண்டி வரும் காலையில் நேராக வண்டியில் போடுவதுதான் உருப்படியான வழி. வீட்டில் இதற்கு எதிர்ப்பு வரலாம். இரண்டு பைகளாகக் கட்டினால் எதிர்ப்பு குறையும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடலூர் முதுநகரிலும் தேங்காய்த்திட்டிலும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீன் விலை ஏறிவிடுவதால் பூனைக்கும் கருவாடு என்று ஆகிவிடுகிற காலம் இது. கருவாட்டில் உள்ள உப்பு பூனைக்கு நல்லதன்று; ஊறவைத்து உப்பை இறக்கலாம் என்றால், ஊறிய தண்ணீரைக் கொல்லையில் ஊற்றும் இடத்தில் பச்சை ஈ கூடுகிறது. தடைக்காலத்தில் உலர் தீனிக்கு மாறுவதோ அவித்த கோழி ஈரலைச் சிறிதளவு சேர்ப்பதோ நல்லது. கருவாடுதான் வழி என்றால் ஊறிய தண்ணீரைச் சாக்கடைத் துளையில் ஊற்றி, பின்னாலேயே ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஊற்றுங்கள்.

அறிகுறி: தட்டில் வெள்ளை முட்டையோ புழுவோ தெரிகிறது

நொய்யரிசி போலக் கொத்துக் கொத்தாக மீன் துண்டின் மடிப்பில் ஒட்டியிருப்பது பச்சை ஈயின் முட்டை. பொரிய 8 முதல் 24 மணி நேரம் ஆகும்; எனவே முட்டை மட்டும் தெரிந்தால் தட்டு சில மணி நேரம் கவனிப்பாரின்றிக் கிடந்திருக்கிறது என்றும், புழு நெளிந்தால் முந்தைய நாள் மிச்சத்தின்மேலேயே புதுத் தீனி போடப்பட்டிருக்கிறது என்றும் கொள்ளலாம். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. காலையில் வைத்த புதுத் தீனியில் மதியத்துக்குள் புழு இருந்தால் அது சதை ஈயின் வேலை. எதுவானாலும் தீனி முழுவதையும் கொதிநீர் ஊற்றிக் கொன்று பையில் கட்டிப் போட வேண்டும். புழுவை மட்டும் தட்டிவிட்டு மீதியை வைக்கக்கூடாது.

உலர் தீனி மூட்டைக்குள் புழு தெரிந்தால் அது ஈப்புழுவன்று, வண்டோ அந்துப்பூச்சியோ வைத்தது. அந்த மூட்டையை அப்புறப்படுத்தி, புதுத் தீனியைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் அந்தக் கதை முடிந்தது.

அறிகுறி: இருட்டிய பிறகு வைத்தாலும் ஈ வருகிறது

தலைக்குமேலே விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். தாழ்வாரத்தில் ஒயரிலும் கொடியிலும் தங்கிய ஈயை விளக்கின் ஒளி விழிப்பிலேயே வைத்திருக்கும். தட்டை விளக்கிலிருந்து நகர்த்துவதா, விளக்கை அணைப்பதா என்பது அவரவர் வசதி. இரவில் எறும்பும் கரப்பானும் வந்தால் தட்டைத் தண்ணீர் ஊற்றிய அகன்ற தாம்பாளத்தின் நடுவில் வைக்கலாம்; பறக்கும் ஈக்கு அந்த அகழி பயன்படாது.

பகலில்தான் வைக்க முடியும் என்பவர்களுக்கு

வேலை நேரம் காரணமாகவோ, குட்டி போட்ட பூனைக்கு நாலு வேளை வேண்டும் என்பதாலோ பகலில் வைத்தாக வேண்டிய நிலை வரும். அப்போது நம்பத்தக்கது இருட்டுப் பெட்டி. ஈ வெளிச்சத்தை நோக்கிப் போகும் பூச்சி, இருண்ட பொந்துக்குள் எளிதில் நுழையாது. பூனைக்கு அந்தத் தயக்கம் இல்லை. பழைய மரப்பெட்டியோ அட்டை ஒட்டி மறைத்த பிளாஸ்டிக் கிரேட்டோ எடுத்துக் கவிழ்த்து, எதிரெதிர்ப் பக்கங்களில் 7 அங்குல அகலத்தில் இரண்டு வழி வெட்டுங்கள். ஒரே வழி இருந்தால், தப்பிக்க இடமில்லாத இடத்தில் தெருப் பூனை தலையை விடாது. வழிகளில் தடித்த பிளாஸ்டிக் தாளையோ பழைய சாக்கையோ பட்டை பட்டையாக வெட்டித் திரையாகத் தொங்கவிடுங்கள். முதல் சில நாள் பட்டைகளை மேலே சுருட்டிக் கட்டி வைத்து, பூனை பழகியபின் ஒவ்வொன்றாக இறக்கினால் போதும். வலை அடிப்பதானால் நைலான் வலையே நல்லது, கடற்காற்றில் இரும்பு வலை சீக்கிரமே துருப்பிடித்து உதிரும்.

காற்றும் உதவும். ஈ எதிர்க்காற்றில் நிலையாக இறங்க முடியாது. மேல்காற்று அடங்கிக் கடற்காற்று எழும் பிற்பகலில், கிழக்குப் பார்த்த திறந்த திண்ணையில் வைத்த தட்டில் ஈ குறைவாகவே உட்காரும். மின்விசிறி வைப்பதானால் மழைச்சாரலும் பூனையின் பல்லும் எட்டாத உயரத்தில் ஒயர் போக வேண்டும்.

நாய் வராமலிருக்க வாசலில் நீலத் தண்ணீர் பாட்டில் வைப்பதைப் போல, ஈ வராமலிருக்கத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையைத் தொங்கவிடும் வழக்கமும் பல தெருக்களில் இருக்கிறது. எலுமிச்சையில் கிராம்பு குத்தி வைப்பதும் இதே ரகம். தீங்கில்லை என்பதற்குமேல் இவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை.

தீங்குள்ளவை வேறு. பாச்சை உருண்டை, கற்பூரம், யூக்கலிப்டஸ் தைலம், டீ ட்ரீ எண்ணெய், சிட்ரோனெல்லா எண்ணெய் ஆகியவை பூனைக்கு நஞ்சு. நாய்களுக்கான உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையின் உடலில் பட்டால் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகக்கூடும். சர்க்கரை வாசனையோடு விற்கும் ஈ மருந்துத் தூளைச் சோற்றுத் தட்டின் அருகே தூவுவதைவிட, ஈயோடு வாழ்வதே மேல். ஒட்டுத்தாளில் பல்லியும் அணிலும் மாட்டும், பூனையின் வாலும் மாட்டும். மாட்டிவிட்டால் மண்ணெண்ணெய் தொடாமல் சமையல் எண்ணெய் தடவி மெதுவாகப் பிரித்தெடுங்கள்.

அறிகுறி: ஈ சோற்றை விட்டுவிட்டுப் பூனையின்மேல் உட்காருகிறது

இது தட்டுச் சம்பந்தப்பட்டதன்று. அன்றைக்கே கவனிக்க வேண்டியது. சண்டையில் பட்ட கடிகாயம், கட்டி உடைந்த சீழ், மலம் ஒட்டிய வால்மயிர், நக்கிச் சுத்தம் செய்துகொள்ள முடியாத கிழப் பூனை, தாய் விட்டுப்போன குட்டி ஆகியவற்றை ஈ தேடி வந்து முட்டையிடும். ஒரே நாளில் புழு சதைக்குள் இறங்கும். மாட்டுப் புண்ணுக்கு ஊற்றும் டர்பன்டைன் எண்ணெயைப் பூனைக்கு ஊற்றக்கூடாது, தோலும் வேகும், நக்கினால் உள்ளும் வேகும். துணியால் பொதிந்து, காற்றுப் போகும் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கடலூரில் அரசு கால்நடை மருத்துவமனையை அணுகலாம்.

அறிகுறி: எல்லாம் செய்தும் குறையவில்லை

கோடையில் வீட்டு ஈ முட்டையிலிருந்து முழு ஈயாக 7 முதல் 10 நாள் போதும். நீங்கள் சுத்தம் செய்த அன்று எங்கோ முட்டையாக இருந்தது அடுத்த வாரம் பறந்து வரும் என்பதால், இரண்டு வாரம் ஒழுங்கு தவறாமல் செய்த பிறகே பலனை மதிப்பிட வேண்டும். அதற்குப் பிறகும் அதே அளவு ஈ இருந்தால் பிறப்பிடம் உங்கள் எல்லைக்குள் இல்லை. அடுத்த வீட்டு மாட்டுக் கொட்டகை, மூடியில்லாத உரக்குழி, தெருமுனைக் குப்பைத் தொட்டி ஆகியவற்றைப் பாருங்கள். மாட்டுக்காரரிடம் பேசும்போது பூனையைப் பற்றிப் பேச்செடுக்காமல், சாணத்தை மெல்லிய படலமாகப் பரப்பி வெயிலில் காயவிட்டால் ஈ பிறக்காது, வரட்டி தட்டவும் ஆகும் என்று சொன்னால் காரியம் நடக்கும்.

அதோடு ஒரு பொறியும் வைக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மூடியைக் கழற்றி, புனல்போலத் தலைகீழாகச் செருகி, உள்ளே வெல்லத் தண்ணீரோடு ஒரு மீன் துண்டைப் போடுங்கள். இது ஈயை அழைக்கும் சாதனம் என்பதால், தட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, குப்பை இருக்கும் பக்கமாக, பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை கொதிநீர் ஊற்றிக் கொட்டிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். ஒரு வாரம் மறந்துவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே அடுத்த தலைமுறை ஈ பிறந்துவிடும்.